ஆப்சல்யூட் பேட்மேன் ஓட்டம்: அமெரிக்க காமிக்ஸ் தேறிவிட்டதா, இல்லை இன்னொரு ஈமுவா?

நொய்யல் கரை (கோவை)

ஆப்சல்யூட் பேட்மேன் முதல் தொகுப்பை முடித்த சூட்டோடு இந்த இழையை ஆரம்பிக்கிறேன். தெரியாதவர்களுக்கு: 2024 அக்டோபரில் டிசி காமிக்ஸ் கம்பெனி தொடங்கிய தனி உலகம் இது. எழுத்து ஸ்காட் ஸ்னைடர், படம் நிக் டிரகோட்டா. பேட்மேனாகிற இந்த புரூஸ் வெய்னிடம் மாளிகை கிடையாது, கம்பெனி கிடையாது, காசும் கிடையாது. அப்பா பள்ளிக்கூட வாத்தியார், அவர் சின்ன வயதிலேயே போய்விடுகிறார். அம்மா உயிரோடு இருக்கிறார். பையன் இன்ஜினியர். ராத்திரியானால் நெஞ்சில் இருக்கும் வௌவால் சின்னத்தைக் கழற்றிக் கோடாலியாக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறான்.

அமெரிக்கக் கடைகளில் 2024-ல் அதிகம் விற்ற இதழ் இதன் முதல் இதழ்தான். மறுபதிப்புக்கு மேல் மறுபதிப்பு போட்டார்கள். 2025 செப்டம்பரில் மேட் ஃப்ராக்ஷன் எழுத, ஹோர்ஹே ஹிமெனெஸ் வரைய, வழக்கமான பேட்மேனும் மறுபடி 1-ஆம் நம்பரிலிருந்து வந்தான். அதே மாதம் போட்டிக் கம்பெனியான மார்வெலின் டெட்பூலும் பேட்மேனும் ஒரே புத்தகத்தில். மார்வெலும் டிசியும் இப்படிக் கைகோத்தது 2003-ல் தொடங்கிய ஜேஎல்ஏ/அவெஞ்சர்ஸுக்கு அப்புறம் இப்போதுதான்.

சூப்பர் ஹீரோ காமிக்ஸ் கதை முடிந்தது என்று பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இப்போது என்ன சொல்கிறீர்கள்?

பெருந்துறையான்

புத்தகம் நல்லா இருக்கிறது என்பதில் எனக்குத் தகராறு இல்லைங்க. 'விற்றது' என்கிறீர்களே, அங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். அமெரிக்காவில் மாத இதழுக்குச் சொல்கிற விற்பனை எண், பெரும்பாலும் கம்பெனியிடமிருந்து கடைக்காரர் எடுத்த எண். வாசகன் வாங்கினானா, அது கடை அலமாரியில் தூங்குகிறதா என்பது அந்த எண்ணில் தெரியாது.

1970-களில் ஃபில் சூலிங் என்பவர் கம்பெனிகளோடு பேசி ஒரு ஏற்பாடு கொண்டுவந்தார். கடைக்காரருக்குத் தள்ளுபடி அதிகம், ஆனால் மீந்ததைத் திருப்பி அனுப்ப முடியாது. டைரக்ட் மார்க்கெட் என்று சொல்வது அதைத்தான். அதற்கு மேல் வேரியண்ட் கவர் கூத்து வேறு. ஒரே கதை, அட்டை மட்டும் பத்து விதம். 25 பிரதி எடுத்தால் ஒரு விசேஷ அட்டை என்பார்கள். அந்த ஒரு அட்டையை நல்ல விலைக்கு விற்கலாம் என்று கடைக்காரர் 25 எடுப்பார். அந்த 25 பிரதி?

எங்க ஊர்க்காரனுக்கு இதைப் பார்த்தால் ஈமுதான் ஞாபகம் வரும். குஞ்சு வாங்கி வளர்த்தால் மாதாமாதம் பணம், கடைசியில் நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். தோட்டத்தை அடமானம் வைத்துக் கொட்டகை போட்டார்கள். கறியைத் தின்ன ஒரு ஆள் இல்லை. வாங்கியவன் எல்லாம் இன்னொருத்தன் வாங்குவான் என்று நம்பித்தான் வாங்கினான். 2012-ல் கம்பெனி கவிழ்ந்து போட்ட பணம் போன கதையை இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பொள்ளாச்சி பையன்

ஈமு எண்ணெய் மூட்டு வலிக்கு நல்லது என்று எங்க தாத்தா இன்னமும் நம்புகிறார். பாட்டில் கூட வைத்திருக்கிறார்.

சேலத்து வாத்தியார்

பெருந்துறைக்காரர் சொன்னதற்குச் சாட்சி 1991-லேயே இருக்கிறது. கிறிஸ் கிளேர்மாண்ட் எழுதி ஜிம் லீ வரைந்த எக்ஸ்-மென் முதல் இதழ் 80 லட்சத்துக்கு மேல் போனது. இன்றைக்கும் அதுதான் சாதனை. ஐந்து அட்டை போட்டார்கள். நான்கைச் சேர்த்து வைத்தால் ஒரே பெரிய படம், ஐந்தாவது அந்த முழுப்படத்தையே மடித்து வைத்தது. ஒரே ஆள் ஐந்தும் வாங்கினான், சேர்த்து வைக்க இன்னொரு ஐந்தும் வாங்கினான். பையன் காலேஜ் போகும்போது விற்கலாம் என்ற கணக்கு. இன்று அந்த இதழ் ஒரு டீ, ஒரு பன் விலைக்குச் சற்று மேலே கிடைக்கும். எல்லாரும் பத்திரப்படுத்திய பொருளுக்கு எப்படி விலை வரும்?

அடுத்த வருடம் சூப்பர்மேன் 75-ஆம் இதழ். சாகிற கதை. கறுப்புப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, உறை மேல் ரத்தம் சொட்டும் எஸ் எழுத்து, உள்ளே கையில் கட்டிக்கொள்ளக் கறுப்புப் பட்டை. உறையைப் பிரித்தால் மதிப்புப் போய்விடும் என்று பிரிக்காமலே வைத்தவர்கள் ஏராளம். சூப்பர்மேன் எப்படிச் செத்தான் என்று அந்தப் பிரதியில் அவர்கள் பார்க்கவே இல்லை!

அப்புறம் கடைகள் வரிசையாக மூடின. 1996 டிசம்பரில் மார்வெலே திவால் மனு கொடுத்தது. அதற்கு காமிக்ஸ் மட்டும் காரணமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலாளி ரான் பெரல்மேன் கடன் வாங்கி விளையாட்டு வீரர் பட அட்டைக் கம்பெனி, ஸ்டிக்கர் கம்பெனி என்று வாங்கிக் குவித்தார். அந்த அட்டை வியாபாரமும் கூடவே படுத்தது.

கோபிக்காரி

அண்ணன்மார் ரெண்டு பேரும் 1991-ல் நிற்கிறீர்கள். கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க.

பதுக்குகிறவனால் வரும் விற்பனைக்கு ஒரு அடையாளம் உண்டு. 1-ஆம் இதழ் வானத்தில் இருக்கும், 2-ல் தடாலென்று விழும், 5-ல் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஏனென்றால் 5-ஆம் நம்பரை யாரும் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. ஆப்சல்யூட் பேட்மேன் அப்படி விழவில்லை. நடு இதழ்களுக்கும் கடைக்காரர்கள் திரும்ப ஆர்டர் கொடுத்தார்கள், கம்பெனி திரும்ப அச்சடித்தது. திருப்ப முடியாத சரக்கை ஒரு கடைக்காரர் ரெண்டாம் தடவை கேட்கிறார் என்றால் முதல் தடவை வாங்கியது கல்லாவைத் தாண்டிப் போய்விட்டது என்றுதானே அர்த்தம்? அவர் என்ன பைத்தியமா?

ஏன் ஓடுகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் சாதாரணமானது. முன்கதை தெரியாமல் படிக்கலாம். எண்பது வருடக் குடும்ப வரலாறு தேவையில்லை. மார்வெலில் 2024 ஜனவரியில் வந்த அல்டிமேட் ஸ்பைடர்மேனும் இதே வழிதான். ஜொனாதன் ஹிக்மன் எழுத்து, மார்கோ கெக்கெட்டோ படம். பீட்டர் பார்க்கருக்குக் கல்யாணமாகி ரெண்டு பிள்ளைகள். வேலை, வீடு, தொப்பை எல்லாம் வந்த பிறகுதான் சக்தி வருகிறது. பெரியப்பா பென் உயிரோடு இருக்கிறார், ஜேம்சனோடு சேர்ந்து சொந்தமாகப் பத்திரிகை ஆரம்பிக்கிறார். முதல் இதழில் பெரும்பகுதி ஆட்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதுதான். சண்டைக்காக வாங்கியவன் ஏமாந்திருப்பான். ஆனால் அது பல பதிப்புப் போனது. 24 இதழில் முடித்தும்விட்டார்கள். ஓடுகிற வண்டியை நிறுத்த மனசு வந்ததே, அதற்கே ஒரு கும்பிடு போடலாம்.

பேட்மேனையே பேசுகிறீர்களே, ஆப்சல்யூட் வொண்டர் உமன் யாராவது படித்தீர்களா? கெல்லி தாம்ப்சன் எழுத்து, ஹேடன் ஷெர்மன் படம். டயானாவை அமேசான் வீராங்கனைகள் வளர்க்கவில்லை, நரகத்தில் சூனியக்காரி சர்சி வளர்க்கிறாள். எலும்புக் குதிரை, ஆள் உயர வாள். இத்தனை கோரத்துக்கு நடுவில் அந்தப் பெண் அத்தனை பரிவோடு இருக்கிறாள். வளர்த்தவளுக்கும் அவளுக்கும் இருக்கிற பாசத்தை ஷெர்மன் வரைந்திருக்கும் விதத்துக்காகவே வாங்கலாம். என்னைக் கேட்டால் ஆப்சல்யூட் வரிசையிலேயே இதுதான் முதல்.

பொள்ளாச்சி பையன்

அக்கா, பெரியப்பாவா, சித்தப்பாவா, மாமாவா?

கோபிக்காரி

அப்பாவோட அண்ணனோ தம்பியோ, ஜேம்சன் கூடச் சேர்ந்து பத்திரிகை நடத்துகிற தைரியம் இருந்தால் பெரியப்பாதான் கண்ணு.

பெருந்துறையான்

கோபிக்காரம்மா சொல்கிற மறுஆர்டர் வாதத்தில் சரக்கு இருக்கிறது. ஆனால் மறுபதிப்புக்கும் புது அட்டை போடுகிறார்களே, பார்த்தீர்களா? அதையும் சேர்ப்பதற்கென்று ஒரு கூட்டம் இருக்கிறது. பாதியை ஒத்துக்கொள்கிறேன், மீதிப் பாதிக்கு எனக்குக் கணக்கு வேண்டும்.

உக்கடம் பேப்பர்

பதுக்குகிறவனை எல்லாரும் திட்டுகிறீர்கள். அவன் இல்லாவிட்டால் பழசு எதுவும் மிஞ்சியிருக்காது சாமி. 1938-ல் பத்து சென்ட்டுக்கு விற்ற ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ் 2024-ல் 60 லட்சம் டாலருக்குப் போனது. 2025 நவம்பரில் 1939-ம் வருட சூப்பர்மேன் முதல் இதழ் 91 லட்சம் டாலரைத் தாண்டியது. யாரோ தூக்கிப்போடாமல் வைத்திருந்ததால்தானே.

ஆனால் அது சூதுக்காக வைத்தது இல்லை, மறந்துபோய் வைத்தது. வித்தியாசம் அங்கேதான். உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் எனக்குக் கிடைத்த முத்து காமிக்ஸ் ஒன்றைச் சொல்கிறேன். பின் ரெண்டும் துருப்பிடித்து, துரு நடுப்பக்கத்தில் பழுப்பாக இறங்கியிருக்கும். உள் அட்டையில் ஊதா மையில் ஒரு வாடகை நூலகத்தின் முத்திரை, கீழே பென்சிலில் நாள் வாடகை. இரும்புக்கை மாயாவி உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும் கட்டங்களில் எவனோ ஒரு பொடியன் உடம்பையும் சேர்த்து வரைந்து வைத்திருக்கிறான். எத்தனை பேர் படித்த பிரதி! தரச்சான்று கொடுக்கும் அமெரிக்கக் கம்பெனிக்காரன் பார்த்தால் பத்துக்கு ஒரு மார்க் போடுவான். எனக்கு அது பத்துக்குப் பத்து.

கூர்மண்டை பக்தன் (ஈரோடு)

மாயாவி பெயரை எடுத்துவிட்டீர்கள், இனி நான் சும்மா இருக்க முடியாது.

1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடுதான் ஆரம்பித்தது. பிரிட்டனின் வேலியண்ட் இதழில் 1962-ல் வந்த கதை அது. 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது. அதில் எங்கள் குலதெய்வம் கூர்மண்டையர், அதாவது ஸ்பைடர். மார்வெல் ஸ்பைடர்மேனுக்கும் இவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இவர் நியூயார்க்கையே கொள்ளையடிக்கக் கிளம்பிய வில்லன், அப்புறம் மனம் மாறியவர். இதில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி: பிரிட்டனில் அந்த ஸ்பைடர் கதைகளை ஆரம்பித்தது டெட் கோவன் என்றாலும், அதிகம் எழுதியது ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர்! தன் சூப்பர்மேன் உரிமையை ஆரம்பத்தில் 130 டாலருக்கு டிசியிடம் கொடுத்துவிட்டு, பின்னால் வழக்குப் போட்டு, வேலையும் போய், கடைசியில் பிரிட்டிஷ் வார இதழுக்கு எழுதினார். அந்தக் கதைகள் சிவகாசி வழியாக ஈரோட்டுப் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடைக்கு வந்து நம் கையில் விழுந்தன. சூப்பர் ஹீரோ காமிக்ஸ் தமிழனுக்குப் புதுசு என்று யாரும் சொல்லாதீர்கள்.

விற்பனை விஷயத்துக்கு வருகிறேன். இங்கே, லயன்-முத்துவில், நிறைய வியாபாரம் சந்தாவில் நடக்கிறது. வருடத்துக்கு என்னென்ன கதை என்று முன்கூட்டியே அட்டவணை வருகிறது, வாசகன் பணம் கட்டுகிறான், அதை வைத்து அச்சடிக்கிறார்கள். ஒரு கதை பிடிக்கவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை எடிட்டரின் வலைப்பதிவுக்குக் கீழே போய் நேராகவே திட்டலாம், அவரும் பதில் சொல்வார். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவையொட்டி நடக்கும் வாசகர் சந்திப்பில் முகத்துக்கு முகம் பார்த்தும் திட்டலாம். மார்வெல் வாசகனுக்கு இந்தக் கொடுப்பினை உண்டா?

நொய்யல் கரை

பக்தன் அண்ணா, அப்படியானால் ஒரு கேள்வி. மாயாவிக்கும் ஸ்பைடருக்கும் உயிரை விட்ட தமிழ் வாசகன் இன்றைக்கு ஏன் டெக்ஸ் வில்லர் என்ற கௌபாய் பின்னால் போகிறான்? பேட்மேன் கதைகளும் அந்தக் காலத்தில் லயன் குழுமத்தில் வந்தனவே, ஏன் நிலைக்கவில்லை?

கூர்மண்டை பக்தன்

பெரிய ரகசியம் ஒன்றும் இல்லைங்க. டெக்ஸ் கதை ஒரு புத்தகத்தில் முடியும், மிஞ்சினால் இரண்டு. 1948-லிருந்து இத்தாலியில் வருகிறார், ஆனால் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் படிக்கலாம். இரவுக்கழுகார், அதாவது டெக்ஸ், வருவார், அநியாயம் செய்தவன் முகரையைப் பெயர்ப்பார், கூட்டாளி கார்சன் புலம்புவார், வறுத்த கறியும் உருளைக்கிழங்கும் தின்பார்கள், கிளம்பிவிடுவார்கள். மாயாவியும் அப்படித்தான் இருந்தார். அமெரிக்க சூப்பர் ஹீரோ கதையோ பாதியில் ஆரம்பித்து, இன்னொரு புத்தகத்தில் தொடர்ந்து, மூன்றாவது புத்தகத்தில் முடிகிற மாதிரி நடித்து, நான்காவதில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும். வருடச் சந்தா கட்டுகிறவனிடம் இதை விற்க முடியுமா? அதற்கு மேல் உரிமைத் தொகை வேறு. சில ஆயிரம் பிரதி அச்சடிக்கிற இடத்தில் அதைத் தாங்க முடியாது.

கோபிக்காரி சொன்ன மாதிரி முன்கதை இல்லாமல் 24 இதழில் முடிகிற ஸ்பைடர்மேனை யாராவது தமிழில் கொண்டுவந்தால் நான் முதல் ஆளாகச் சந்தா கட்டுவேன்.

பனியன் கம்பெனி (திருப்பூர்)

எல்லாரும் புத்தகக் கணக்கே பேசுகிறீர்கள். காசு அங்கே இல்லைங்க, நெஞ்சில் இருக்கிறது. டி-ஷர்ட் நெஞ்சில்.

நான் மெர்ச்சண்டைசர், பனியன் ஆர்டர்களைக் கவனிக்கிறவன். பேட்மேன் லோகோ போட்ட குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர் வந்தால் என்ன நடக்கும் தெரியுமா? லைசென்ஸ் வாங்கிய பையரிடமிருந்து ஆர்ட்வொர்க் வரும். மஞ்சளுக்கு பான்டோன் நம்பர், அதாவது நிறக் குறியீடு வரும். அந்த மஞ்சளைத் தவிர வேறு மஞ்சள் செல்லாது. பிரிண்டிங் யூனிட்டில் ஸ்ட்ரைக் ஆஃப், அதாவது மாதிரி பிரிண்ட் அடித்து அனுப்ப வேண்டும். அவர்கள் வெளிச்சப் பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பார்கள். வௌவால் காது நுனி கொஞ்சம் மழுங்கினால் ரிஜெக்ட். துவைத்துக் காயப்போட்டு இழுத்துப் பார்க்கும்போது பிரிண்ட் வெடித்தாலும் ரிஜெக்ட். அப்ரூவல் வராமல் ஒரு பீஸ் கூட பல்க் ஓட்ட முடியாது. லைசென்ஸ் இல்லாமல் அடித்து அனுப்பினால் அந்த ஊர்த் துறைமுகத்திலேயே சரக்கைப் பிடித்துவிடுவார்கள்.

ஒரு சாதாரண ஆர்டரிலேயே எத்தனையோ ஆயிரம் பீஸ் போகும். பல மாத இதழ்களுக்கு அவ்வளவு வாசகர் கிடையாது. 2009-ல் டிஸ்னி 400 கோடி டாலர் கொடுத்து மார்வெலை வாங்கியது மாத இதழ் விற்கவா? இதழ் என்பது கதை விளைகிற காடு. அறுவடை சினிமாவிலும் பொம்மையிலும் எங்கள் பிரிண்டிங் டேபிளிலும்தான். அதனால் இதழ் நஷ்டத்தில் ஓடினாலும் அதை மூட மாட்டார்கள் என்பது என் கருத்து. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது எங்களுக்கு ஆர்டர் நின்றது. பேட்மேன் புத்தகம் அப்போதும் வந்துகொண்டுதான் இருந்தது.

உக்கடம் பேப்பர்

லோகோ போட்ட டி-ஷர்ட் மாட்டிக்கொண்டு "இது எந்தப் படத்தில் வரும்" என்று கேட்கிற கூட்டத்தை உருவாக்கியது நீங்கள்தானா!

பனியன் கம்பெனி

காந்திபுரத்தில் நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைப்பது எங்க சரக்கு இல்லைங்ணா. காதைப் பாருங்கள், மழுங்கியிருக்கும்.

சேலத்து வாத்தியார்

திருப்பூர்க்காரர் சொல்வது கம்பெனி பிழைக்கும் என்பதற்குச் சரி. கடைக்காரர் பிழைப்பாரா என்பது வேறு. டி-ஷர்ட் காசு அவருக்கு வராது.

அவரைப் போட்டு உலுக்கியது விநியோகம்தான். 1990-களின் கடைசியிலிருந்து கிட்டத்தட்ட மொத்த அமெரிக்க காமிக்ஸும் டயமண்ட் என்ற ஒரே விநியோகஸ்தர் வழியாகப் போனது. 2020-ல் டிசி பிரிந்து போனது, 2021-ல் மார்வெல் பென்குயின் ரேண்டம் ஹவுஸ் பக்கம் போனது. 2025 ஜனவரியில் டயமண்ட் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. இதில் அடி வாங்கியது சின்னப் பதிப்பாளர்கள். விற்றால் காசு என்ற ஒப்பந்தத்தில் கிடங்கில் கொடுத்து வைத்த புத்தகங்களையே கடனுக்காக விற்கலாமா என்று வழக்கு நடந்தது. தன் புத்தகம் தனக்கா, கடன்காரனுக்கா என்று எழுத்தாளன் நீதிமன்ற வாசலில் நின்றான்.

கணக்குக் கேட்ட பெருந்துறைக்காரருக்கும் இதில்தான் பதில். ஒரே விநியோகஸ்தர் இருந்தவரை மாதாமாதம் ஒரு பட்டியலாவது வரும். இப்போது மூன்று நான்கு வழியில் சரக்குப் போகிறது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க ஒரு இடம் இல்லை. கம்பெனி தனக்குச் சாதகமான எண்ணை மட்டும் அறிவிக்கும். சில கடைகளின் பில் மெஷினிலிருந்து வரும் தரவை வைத்து மதிப்பிடுகிறார்கள், அது மொத்தமும் ஆகாது.

இன்னொன்று. காமிக்ஸ் விற்பனையைக் கணக்கெடுக்கும் ஐசிவி2, காமிக்ரான் தளங்கள் சேர்ந்து போட்ட மதிப்பீட்டில் வட அமெரிக்கச் சந்தை 2020-ல் சுமார் 128 கோடி டாலர், 2021-ல் சுமார் 207 கோடி. ஊரே அடைந்து கிடந்த காலத்தில் இப்படி ஏறியது. ஆனால் ஏற்றியது பேட்மேன் இல்லை. ஜப்பானிய காமிக்ஸான மாங்காவும், டாக் மேன் மாதிரி குழந்தைகள் தொகுப்புகளும்தான். புத்தகக் கடையில் சூப்பர் ஹீரோ ரொம்பக் காலமாகவே பின்வரிசை.

கோபிக்காரி

அதனால்தான் டிசி 2024-லிருந்து சின்ன அளவில் 9.99 டாலருக்குத் தொகுப்புகள் போட ஆரம்பித்தது வாத்தியாரே. மாங்கா அளவு, மாங்கா விலை. ஒரு மாத இதழ் 4.99 டாலர், நம் காசுக்கு நானூறு ரூபாய்க்கு மேல், இருபத்துச் சொச்சம் பக்கம். டீ ஆறுவதற்குள் படித்து முடித்துவிடலாம். ரெண்டு இதழ் விலைக்கு முழுக்கதையே கிடைக்கிறது. என் கணிப்பு: மாத இதழ் சேகரிப்பவர்களுக்கான சங்கதியாகச் சுருங்கும், வாசகர்கள் தொகுப்புக்குப் போவார்கள். ஆப்சல்யூட் அந்தப் போக்கைக் கொஞ்சம் தள்ளிப்போட்டிருக்கிறது, அவ்வளவுதான். பெருந்துறை அண்ணனுக்கு இந்த மட்டும் விட்டுக்கொடுக்கிறேன், இதற்கு மேல் கிடையாது.

பெருந்துறையான்

அப்படியானால் மாத இதழை மட்டும் நம்பி இருக்கும் கடைக்காரர் கதி? அதைத்தானே நான் முதலிலிருந்து கேட்கிறேன்.

கோபிக்காரி

அவர் மாங்காவும் வாங்கி வைக்க வேண்டியதுதான். பலர் வைத்தும்விட்டார்கள்.

பொள்ளாச்சி பையன்

சண்டை போதும், உதவி பண்ணுங்க. கையில் ஆயிரம் ரூபாய் சொச்சம் இருக்கிறது. ஒன்றுதான் வாங்க முடியும். எதை வாங்கட்டும்?

நொய்யல் கரை

ஆப்சல்யூட் பேட்மேன் முதல் தொகுப்பு. யோசிக்கவே வேண்டாம்.

கோபிக்காரி

வொண்டர் உமன்.

கூர்மண்டை பக்தன்

ஆயிரம் ரூபாய்க்கு டெக்ஸ் எத்தனை வரும் தெரியுமா தம்பி?

உக்கடம் பேப்பர்

எதை வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினால் வீட்டுக்கு வரும்போது முனை மடங்கியிருக்கும். எனக்கு ஒரு கடையிலிருந்து கெட்டி அட்டைப் புத்தகத்தை வெறும் பிளாஸ்டிக் பையில் போட்டு அனுப்பினார்கள், பெயர் வேண்டாம். பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வை, இல்லாவிட்டால் மாற்றித் தர மாட்டார்கள். கோவை புத்தகத் திருவிழா வரை பொறுத்தால் கொடிசியாவில் கையில் எடுத்துப் பார்த்தே வாங்கலாம்.

பொள்ளாச்சி பையன்

ஜூலை வரைக்குமா? அதுக்குள்ள காசு இருக்காதுங்ணா.